டைச் சுருக்கத்துக்கு மின்னழுத்தி வேண்டாம்

ஒரு டையை மேசையில் குப்புறப் போட்டுப் பாருங்கள். நடுவே நெடுக ஒரு தையல் ஓடும். அகன்ற முனைக்குக் கிட்ட, இரண்டு பக்க மடிப்பும் சந்திக்கிற இடத்தில், தடித்த நூலால் ஒரு குறுக்குத் தையல் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே மடிப்புகளை விரித்தால் வழுவழுப்பான மெல்லிய துணி ஒன்று தெரியும். விரலை இன்னும் மேலே விட்டால் கம்பளிபோலச் சொரசொரப்பான உள்துணி தட்டுப்படும். இனி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். காற்சட்டை மடிப்புப்போலக் கூராக இருக்காது, சுருட்டிய பாயின் ஓரம்போல உருண்டு மெத்தென்று இருக்கும். நல்ல டைக்கும் மலிவான டைக்கும் முதல் வித்தியாசமே இந்த உருண்ட ஓரம்தான். மின்னழுத்தி முதலில் கெடுப்பதும் அதைத்தான்.

டைத் துணி நேராக வெட்டப்படுவதில்லை. நெசவுக்கு 45 பாகை சாய்வாக, தையல்காரர் 'கிராஸ்' என்று சொல்லும் வெட்டில் வெட்டி, மூன்று துண்டாகப் பொருத்துவார்கள். நியூயோர்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டோர்ஃப் என்பவர் 1920களில் கொண்டுவந்த முறை இது. அதற்குப் பிறகு பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. சாய்வாக வெட்டுவதால் முடிச்சுப் போட்டு இழுத்தாலும் துணி மீண்டு வரும். ஆனால் அதே காரணத்தால் சூட்டோடு ஒரு பக்கமாக இழுத்தால் துணி நீண்டு கோணலாகிவிடும். மின்னழுத்தியை முன்னும் பின்னும் ஓட்டுவது என்பது சூட்டோடு இழுப்பதுதான். ஒருமுறை அப்படிச் செய்த டை, கட்டியதும் மெல்லத் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டும்.

ஆகவே இந்தப் பதிவு டையை எப்படி அழுத்துவது என்பதைப் பற்றியது அல்ல. அழுத்தாமல் சுருக்கம் எடுப்பதைப் பற்றியது. அதற்குப் பையில் கொண்டுபோகக்கூடிய கருவி ஸ்டீமர், அதாவது தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவி அடிக்கும் கைக்கருவி. அதில் எதை வாங்குவது, கொழும்புக் கறண்டிலும் கொழும்புக் காற்றிலும் அது எப்படி வேலை செய்யும், எங்கே சொதப்பும் என்று பார்ப்போம்.

கோட்டையில் வங்கி வேலை, புதுக்கடை நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டும் டையும், பாடசாலை மாணவத் தலைவர்கள், மருந்துக் கொம்பனிப் பிரதிநிதிகள் என்று இந்த நகரத்தில் டை கட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெடுகக் கழுத்தை இறுக்கிக்கொண்டு வர யாருக்கும் விருப்பமில்லை. டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து, இறங்கின பிறகு கட்டுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. துணி சுருங்க நாலு சேர வேண்டும்: ஈரம், சூடு, அழுத்தம், பிறகு அந்த நிலையிலேயே உலர்வது. வியர்த்த கழுத்திலிருந்து கழற்றிய டையை நாலாய் மடித்து, சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே ஒரு மணித்தியாலம் வைத்தால் நாலும் கச்சிதமாகக் கிடைத்துவிடும்.

சுருக்கம் எடுக்கவும் அதே நாலுதான் வேண்டும். அழுத்தத்துக்குப் பதிலாக டையின் சொந்தப் பாரம், அவ்வளவுதான் மாற்றம். பட்டும் கம்பளியும் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும் இழைகள். சாதாரண நிலையில் பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதமும், கம்பளி சுமார் 16 சதவீதமும் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரைச் சதவீதம்கூடப் பிடிக்காது. அதனால் பட்டு டையில் வேலை செய்வது பெரும்பாலும் ஈரம், பொலியெஸ்டர் டையில் சூடு. பொலியெஸ்டர் இழை 70 – 80 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். அந்தச் சூட்டில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே ஆறி இறுகிவிடும். நீராவி 100 பாகையைச் சுற்றி வெளிவருகிறது: பொலியெஸ்டரை இளக்கப் போதும், பட்டைக் கருக்கப் போதாது. மின்னழுத்தியில் ஒரு புள்ளி வைத்தாலே அடித்தட்டு 110 பாகையைத் தொடும், இரண்டு புள்ளிக்கு 150. இந்தக் கணக்குத்தான் கைக்கடக்கமான ஸ்டீமரை டைக்குப் பொருத்தமான கருவியாக்குகிறது.

வாங்கும்போது பெட்டியில் இருக்கும் ஒரே ஒரு இலக்கத்தை நம்பலாம் என்றால் அது வாட் தான். மற்றதெல்லாம் விளம்பரம். 30 பாகையில் இருக்கிற ஒரு கிராம் தண்ணீரை நீராவியாக்க ஏறத்தாழ 2,550 ஜூல் வேண்டும். இதைச் சுருக்கி ஒரு மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்: வாட்டை 42ஆல் பிரித்தால், நிமிடத்துக்கு அந்தக் கருவி ஆகக் கூடியது எத்தனை கிராம் நீராவி தரலாம் என்பது வரும். 850 வாட் என்றால் 20 கிராம். 1,000 வாட் கருவியின் பெட்டியில் 'நிமிடத்துக்கு 35 கிராம்' என்று எழுதியிருந்தால் அது பௌதிகத்துக்கு அப்பாற்பட்ட கருவி, வைத்துவிட்டு வாருங்கள். டைக்கு நிமிடத்துக்கு 15 கிராம் தாராளம். அப்படியானால் 800 முதல் 1,000 வாட் போதும்.

யூஎஸ்பியில் ஓடும் 'பயண ஸ்டீமர்' என்று படத்தோடு விளம்பரங்கள் வருகின்றன. 10 வாட் சார்ஜரை 42ஆல் பிரித்துப் பாருங்கள், நிமிடத்துக்குக் கால் கிராம்கூட இல்லை. அவற்றில் சில நீராவியே தருவதில்லை; முகத்துக்குப் பிடிக்கும் ஈரப்பதக் கருவிபோலக் குளிர்ந்த பனிப்புகையைத் துப்பும். அந்தப் புகை நுண்ணிய தண்ணீர்த் துளிகள்தான். பட்டு டைக்கு அதைவிட மோசமான ஒன்று இல்லை.

அடுத்தது பிளக். கொழும்பின் பழைய வீடுகளிலும் விடுதி அறைகளிலும் மூன்று உருண்டை ஊசி பொருந்தும் 5 அம்பியர் துளைகள் இன்னும் இருக்கின்றன. 230 வோல்டில் 5 அம்பியர் என்றால் 1,150 வாட் தான் எல்லை. 1,000 வாட் ஸ்டீமர் 4.3 அம்பியர் இழுக்கும், சமாளிக்கும். 1,500 வாட் கருவி 6.5 அம்பியர் இழுக்கும். அதை அடப்டர் போட்டு 5 அம்பியர் துளையில் சொருகினால் முதலில் பிளக் சூடாகும், பிறகு பிளாஸ்டிக் மணக்கும். பெரிய கருவிக்கு 13 அம்பியர் சதுர ஊசித் துளைதான். இதனாலேயே ஊருக்கு ஊர் போகிறவர்களுக்கு 800 – 1,000 வாட் கருவியே வசதி: எந்தத் துளையிலும் ஓடும்.

கனடாவிலிருந்து வரும் பொதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொறொன்ரோவிலிருந்து மாமாவோ சித்தியோ ஆசையாக அனுப்பும் ஸ்டீமர் 120 வோல்டுக்குச் செய்தது. அதை இங்கே 230 வோல்டில் போட்டால் சக்தி இரட்டிப்பது இல்லை, 3.7 மடங்கு ஆகும். 800 வாட் கருவி 2,900 வாட்டுக்கு மேல் எரியும். அதில் வேடிக்கை என்னவென்றால், அது இழுப்பது 12.8 அம்பியர். 13 அம்பியர் பியூஸ் அசையாது. பியூஸ் காப்பாற்றும் என்று நினைத்திருக்க, கருவி எரிந்து முடிந்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் சிறு எழுத்தில் '220 – 240' என்றோ '100 – 240' என்றோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே சொருகுங்கள். சிலவற்றில் அடியில் ஒரு சின்ன ஆளி இருக்கும், நாணயத்தால் திருப்பி 230 பக்கம் வைக்க வேண்டும். ஊசி வடிவத்தை மாற்றும் அடப்டர் வோல்டை மாற்றாது. வோல்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கினால் அது ஸ்டீமரைவிடப் பாரமாக இருக்கும், பிறகு 'பயணக் கருவி' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஸ்டீமரின் தண்ணீர்த் தாங்கி 120 – 200 மில்லிலீற்றர் இருந்தால் போதும். நிமிடத்துக்கு 20 கிராம் போனால் 150 மில்லிலீற்றர் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரு டைக்கு ஒன்றரை நிமிடம் என்றால் நாலைந்து டை முடியும். விசையை அமத்தினால் மட்டும் நீராவி வருகிற வகையை எடுங்கள். கொதித்தவுடன் நிற்காமல் கக்கிக்கொண்டே இருக்கும் வகை டைக்கு ஆகாது.

இனித் துப்பல். டை கெடுவதற்குப் பெரிய காரணம் நீராவி அல்ல, நீராவியோடு சேர்ந்து பறக்கும் வெந்நீர்த் துளி. துப்புவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: சூடேற முதலே விசையை அமத்துவது, தாங்கியைக் கழுத்துவரை நிரப்புவது, கருவியைப் படுக்க வைத்துப் பிடிப்பது, உள்ளே சுண்ணப் படிவு அடைத்திருப்பது. முதல் மூன்றுக்கும் மருந்து கையில் இருக்கிறது. தாங்கியை முக்காலுக்கு மேல் நிரப்பாதீர்கள். கருவி சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்த பிறகும் இன்னும் 20 செக்கன் பொறுங்கள். முதல் பத்துச் செக்கன் நீராவியைக் கழுவுதொட்டிப் பக்கம் அடித்துக் கழித்துவிட்டு, ஒரு பழைய வெள்ளைக் கைக்குட்டைக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கைக்குட்டையில் புள்ளி விழாமல் ஒரே சீராக ஈரம் பரவினால் டைக்குப் போகலாம்.

இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதே கைக்குட்டையை ஒற்றை மடிப்பாக ஸ்டீமரின் வாயில் போர்த்திக் கட்டிவிடலாம். பருத்தித் துணி துளியை உறிஞ்சிக்கொண்டு ஆவியை மட்டும் விடும். பருத்தி நூலால் கட்டுங்கள், ரப்பர் வளையம் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மடிப்புப் போட்டால் ஆவி பின்னுக்குத் தள்ளி இன்னும் அதிகம் சொட்டும். சில கருவிகளோடு தூரிகையும் துணி உறையும் வரும். துணி உறை நல்லது. தூரிகையைப் பட்டு டைக்குக் கிட்ட கொண்டுபோக வேண்டாம், நெசவு இழையை இழுத்துவிடும்.

அடுத்த கருவிக்குச் செலவு எதுவும் இல்லை. புதுச் சேர்ட் பெட்டிக்குள் வரும் மட்டை, அல்லது ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள வேறு ஏதாவது அச்சில்லாத மட்டை. டையின் அகன்ற முனையை மட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து, இரண்டு பக்கமும் 3 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி வெட்டுங்கள். 8 சென்ரிமீற்றர் டைக்கு மட்டை 7.4 சென்ரிமீற்றர் அகலம் வரும். நீளம் 30 – 35 சென்ரிமீற்றர். டை மேலே போகப் போக ஒடுங்குவதால் மட்டையும் அப்படியே ஒடுங்க வேண்டும், நேர் செவ்வகமாக வெட்டினால் நடுவில் இறுகும். முனைகளை உருட்டி, ஓரத்தை நகம் தேய்க்கும் அரத்தாலோ மணல்தாளாலோ ஒருமுறை தேய்த்துவிடுங்கள். மட்டை நனைந்து வளையாமல் இருக்க வெள்ளைப் பருத்தித் துணி சுற்றலாம். அச்சடித்த பெட்டி மட்டை வேண்டாம், நீராவியில் மை இளகி டைக்குள் ஊறும்.

இந்த மட்டையை டையின் பின்பக்கத் திறப்பு வழியாக, குறுக்குத் தையலுக்குக் கீழால் மெல்ல மேலே தள்ள வேண்டும். இதற்கு இரண்டு வேலை. பின்பக்க மடிப்புகளின் தடம் முன்பக்கத்தில் விழாமல் தடுக்கும். முகப்பைத் தட்டையாக வைத்திருக்கும், ஆனால் 3 மில்லிமீற்றர் விட்டிருப்பதால் உருண்ட ஓரம் அப்படியே இருக்கும். சில டைகளில் குறுக்குத் தையல் உள்துணியையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அங்கே மட்டை முட்டும். முட்டினால் நிறுத்துங்கள். தள்ளினால் அறுவது டையின் முதுகெலும்பு.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் டையின் பின்னால் இருக்கும் சின்ன முத்திரையைப் பாருங்கள். மின்னழுத்திப் படத்துக்குக் கீழே கோடுகள் வெட்டப்பட்டிருந்தால் அதற்கு நீராவியே கூடாது. கறை இருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள். கறிக் குழம்போ பால் தேத்தண்ணியோ பட்ட இடத்தில் நீராவி அடித்தால் கறை துணியோடு வெந்து பிடித்துவிடும், அதற்குப் பிறகு உலர் சலவைக்காரராலும் எடுக்க முடியாது. கறை முதலில், சுருக்கம் பிறகு.

டையைத் தட்டையாகப் போட வேண்டாம், தொங்க விடுங்கள். உடுப்புக் கொழுவும் தடித்த மரத் தாங்கியோ, துவாய் சுற்றிய கம்பியோ நல்லது. மெல்லிய கம்பியில் போட்டால் அந்த இடத்தில் புதிதாக ஒரு மடிப்பு வரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் இரும்புக் கம்பி எதுவும் துருப்பிடிக்காமல் இருப்பதில்லை. ஈரமான பட்டில் துரு பட்டால் அது நிரந்தரம். பின்பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி வைத்து, மட்டையைச் சொருகிவிட்டு, ஸ்டீமரை நிமிர்த்திப் பிடித்துக் கீழிருந்து மேலாகப் போங்கள். பட்டு என்றால் துணிக்கும் வாய்க்கும் இடையே 4 – 5 சென்ரிமீற்றர், கம்பளி, பொலியெஸ்டர் என்றால் 2 – 3. வேகம், செக்கனுக்கு ஒரு நாலு விரல் அகலம். ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். ஒருமுறை போய்விட்டுப் பத்துச் செக்கன் பொறுங்கள். துணி தானாக இளகி விழுவது கண்ணுக்குத் தெரியும். கோடு இன்னும் இருந்தால் இரண்டாம் முறை. மூன்றாம் முறைக்கு மேல் வேண்டாம், அதற்கான காரணம் கீழே வருகிறது.

உலோகத் தகடு உள்ள ஸ்டீமர் என்றால் கவனம். வெளிவரும் ஆவி 100 பாகை, தகடு அதைவிடச் சூடு. துணியில் முட்டக் கூடாது.

ஆகக் கடினமான இடம் முடிச்சு விழும் பகுதி. சாதாரண டை 145 – 150 சென்ரிமீற்றர் நீளம். அதில் அகன்ற முனையிலிருந்து அரை மீற்றருக்குப் பிறகு வரும் ஒரு சாண் சொச்சம்தான் தினமும் நசுங்குகிறது. அங்கே மட்டை எட்டாது. இடது கையை ஒரு மடித்த கைக்குட்டையால் மூடி, டையின் முன்பக்கத்தில் விரல்களைத் தட்டையாக வைத்துத் தாங்கிக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து நீராவி அடியுங்கள். கையைச் சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் சுட்டுக்கொள்கிறார்கள், கைக்குட்டை இல்லாமல் முயல வேண்டாம். நீராவியை நிறுத்திய பிறகு, இரண்டு பெருவிரலாலும் மடிப்புக் கோட்டைக் குறுக்கே தடவி விடுங்கள். நெடுக இழுக்க வேண்டாம். டை நீளுகிற திசை அது.

பிறகு தொங்கட்டும். இந்தப் பகுதியைத்தான் அவசரத்தில் எல்லாரும் விடுகிறார்கள். நீராவி சுருக்கத்தை அவிழ்க்கிறது, ஆனால் துணி நேராக இறுகுவது ஆறி உலரும்போதுதான். சூட்டோடு எடுத்துக் கட்டினால் முடிச்சின் சுருக்கம் முன்னைவிட ஆழமாகப் பதியும். ஏசி அறையில் பத்து நிமிடம் காணும். சாதாரண அறையில், கொழும்பின் புழுக்கத்தில், 20 நிமிடமாவது வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மழையில் அரை மணித்தியாலம். மின்விசிறியை மெதுவாக விடலாம், ஆனால் டை ஆடாத தூரத்தில். ஆறிவிட்டதா என்று பார்க்கப் புறங்கையை உள்துணி இருக்கும் பக்கத்தில் வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிப்பட்டு காய்ந்திருக்கும், உள்துணி காய்ந்திருக்காது. அப்படியே சுருட்டி அலுமாரிக்குள் வைத்தால் சில நாளில் பூஞ்சணம் மணக்கும்.

மூன்றாம் முறைக்கு மேல் வேண்டாம் என்றதற்குக் காரணமும் இந்த உள்துணிதான். அதில் கம்பளியோ பருத்தியோ கலந்திருந்தால் அளவுக்கு மிஞ்சிய ஈரத்தில் சுருங்கும். மேலே இருக்கும் பட்டு அதே அளவுக்குச் சுருங்காது. விளைவு, முகப்பில் சின்னச் சின்ன அலைகள். அது சுருக்கம்போலத் தெரிவதால் இன்னும் நீராவி அடிப்பார்கள், இன்னும் மோசமாகும். மலிவான டைகளில் உள்துணியைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். அங்கே அலை வராது, கொப்புளம் வரும். இரண்டையும் வீட்டில் சரிசெய்ய முடியாது.

இன்னொரு வகை நெளிவு, சுருக்கமே அல்ல. டையின் நெடுந்தையல் தளர்வாகப் போடப்பட்ட ஒற்றை நூல். முனையில் ஒரு சின்ன வளையமாக மிச்ச நூல் விட்டிருப்பார்கள். அதைத் தொங்கும் பிசிறு என்று நினைத்துக் கத்தரிப்பவர்கள் உண்டு, பாவம் டை. இழுத்துக் கட்டுகிறபோது டை நீள அந்த மிச்ச நூல்தான் இடம் கொடுக்கிறது. எங்காவது நூல் இறுகினால் பின்பக்கம் கூடி முகப்பு நெளியும். டையின் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக ஒருமுறை இழுத்துவிட்டு, தையல் நெடுக விரலால் தடவுங்கள். நூல் சமன்பட்டு நெளிவு போய்விடும். ஸ்டீமரைச் சூடாக்க முதல் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

தண்ணீர்த் துளி பட்டு வளையமாகக் காய்ந்த பட்டுக்கு: துளி விழுந்த இடத்தில் துணியில் இருக்கும் சாயமும் மெருகும் கரைந்து ஓரத்துக்கு ஓடி அங்கே காய்கின்றன, அதுதான் வளையம். துடைத்தால் பெரிதாகும். முற்றாகக் காய விட்டு, பின்பக்கத்திலிருந்து அந்த இடத்தையும் சுற்றியுள்ள ஒரு கையகலத்தையும் சீராக நீராவி காட்டி, உலர்ந்ததும் அதே டையின் ஒல்லி முனையால் லேசாக உரசினால் மங்கலாம். கடும் நிற வெற்றுப் பட்டில் பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும்.

டைக்கென்றே செய்த இடுக்கி வகைக் கருவிகளும் இருக்கின்றன. சூடேறும் இரண்டு தகடுகளுக்கு நடுவே டையை வைத்து மூடுவது. யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் இடுக்கியின் வேலையே தட்டையாக்குவது, டையின் அழகே தட்டையாகாமல் இருப்பது. கறுப்புப் பொலியெஸ்டர் டையில் இது உடனே தெரியும்: ஓரம் நெடுக எண்ணெய் பூசியதுபோல ஒரு பளபளப்பு. இழையின் மேற்பரப்பு இளகித் தட்டையாகிவிட்டது, அதை மீட்க வழியில்லை. புதுக்கடைப் பக்கம் கோட்டுக்கு மேலே மினுங்கும் கறுப்பு டைகளில் பாதி இப்படிப் பிறந்தவையாக இருக்கும். வாங்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு விஷயம் பாருங்கள். தகடு டையைவிட அகலமாக இருக்க வேண்டும், மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் மெத்தை போன்ற துணி ஒட்டியிருக்க வேண்டும். பூட்டிப் பிடிக்கும் கொளுக்கி இருந்தால் போடாதீர்கள்.

தலைமுடி நேராக்கும் கருவியால் டையை இழுத்துவிடுகிற தந்திரம் கைபேசியில் அடிக்கடி சுற்றுகிறது. அந்தக் கருவிகள் பொதுவாக 150 முதல் 230 பாகைவரை போகும். தகட்டின் அகலம் மூன்று சென்ரிமீற்றர், டையின் அகலம் எட்டு. ஆக, பட்டு மஞ்சளிக்கும், முகப்பில் தண்டவாளம்போல இரண்டு கோடும் இலவசமாகக் கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கொழும்புக்காரர் அதிர்ஷ்டசாலிகள். களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் குழாய்த் தண்ணீர் மென்மையானது, ஸ்டீமரில் மெதுவாகவே படியும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஸ்டீமரைக் கொண்டுபோனால் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். எரிபொருள் நிலையத்தில் 'பற்றரித் தண்ணி' என்று கேட்டு வாங்குகிறவர்கள் போத்தலை இரண்டுமுறை வாசிக்க வேண்டும்: அதே தட்டில் பற்றரி அமிலமும் நிற்கும். ஏசியிலிருந்து சொட்டும் நீர் சுத்தமானது என்பது தப்பான எண்ணம், அதில் தூசியும் பூஞ்சணமும் இருக்கும்.

படிவு எடுக்க, வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து அரைத் தாங்கி ஊற்றி, சூடாக்கி ஒரு நிமிடம் ஆவி விட்டு, நிறுத்தி, அரை மணித்தியாலம் ஊற விட்டு ஊற்றிவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் மூன்று முறை ஓட விடுங்கள். கருவியின் கையேட்டில் வினாகிரி கூடாது என்றிருந்தால் கையேடு சொல்வதே சரி. தேசிக்காய்ப் புளி வேண்டாம், அதன் சதைத் துணுக்குகள் வாயை அடைக்கும். வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைத் தாங்கியில் விட்டு வைக்காதீர்கள்.

கருவி கையில் இல்லாத நாளில் கேத்தல் உதவும். 2,000 வாட் கேத்தல் கொதிக்கும்போது கை ஸ்டீமரைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆவி தரும், அதனால் ஒரு சாண் தூரம் வேண்டும். மூக்குக்கு நேரே பிடிக்காமல், ஆவி விரிகிற மேல் பகுதியில் டையை வளைத்துக் காட்டி அசைத்துக்கொண்டே இருங்கள். தானாக நின்றுவிடக் கூடாதென்று மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விடுகிற பழக்கம் ஆபத்தானது. சுடுநீர்க் குளியலறையில் தொங்கவிடுவதும் சரிதான், ஆனால் இந்த ஊரில் எத்தனை வீட்டில் சுடுநீர் வருகிறது?

இரவு முழுக்க நேரம் இருந்தால் எதுவுமே வேண்டாம். டையை இரண்டாய் மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து தளர்வாகச் சுருட்டி, ஒரு அகன்ற தேநீர்க் கோப்பைக்குள் நிற்க வைத்துவிடுங்கள். பட்டு டையின் மெல்லிய சுருக்கம் காலைக்குள் பெரும்பாலும் போய்விடும். கொழும்புக் காற்றின் ஈரப்பதம் பயன்படுகிற ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். பொலியெஸ்டர் ஈரம் குடிக்காததால் இதற்கு மசியாது.

சின்னப் பிள்ளைகளின் ஸிப் டை, இலாஸ்டிக் டை இவற்றுக்கு நீராவியைத் தொங்கும் பகுதியில் மட்டும் காட்டுங்கள். முடிச்சுக்குள்ளே பிளாஸ்டிக் அச்சு இருக்கும், அது வளைந்தால் முடிச்சு கோணிக்கொள்ளும். இலாஸ்டிக் சூட்டில் தளர்ந்துவிடும். சலவை இயந்திரத்தில் போட்டுக் கசக்கியெடுத்த பாடசாலை டைக்கு வேறு வைத்தியம் இல்லை, புறக்கோட்டையில் புது டை வாங்குவதுதான் மலிவு.

கழற்றும்போது ஒல்லி முனையை முடிச்சுக்குள்ளால் உருவி எடுக்காதீர்கள். கட்டிய வழியே பின்னோக்கி அவிழ்க்கப் பத்துச் செக்கன் ஆகும். அவிழ்த்ததை உடனே மடிக்காமல் கதவுக் கைப்பிடியிலாவது தொங்கவிட்டு, அடுத்த நாள் வேறு டை கட்டினால், ஸ்டீமரை இலாச்சியிலிருந்து எடுக்க வேண்டிய நாட்கள் மிகவும் குறையும்.